காது வைத்த உருண்டை

...இழுத்தால் நூலாக வரவேண்டும், பிட்டால் உதிரக்கூடாது, சூடு பட்டால் உருகவேண்டும், ஆனால் எண்ணெய் கக்கக்கூடாது, மருமகள் சொன்ன அடையாளம் இவ்வளவுதான், தொலைந்துபோன குடையைத் தேடுகிறவர்கள்கூட இதைவிட நாலு விவரம் கூடுதலாகக் கையில் வைத்திருப்பார்கள், நான் என்னடாவென்றால் ஷிப்ட் மாறி இந்த வாரம் கிடைத்த ஒரே லீவு நாளில், புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஜன்னலோரமாக மடியில் பையோடு உட்கார்ந்துகொண்டு, பூமியின் அந்தப் பக்கம் மெக்சிகோவில் செய்கிற ஒரு சீஸை இந்தப் பக்கம் தேடி டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன், அதுவும் வீட்டுக்காரரிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு. எதற்குப் பொய்? உள்ளதைச் சொன்னால் சிரிப்பார், சிரித்து முடித்ததும் நேராக மருமகளிடம் போய் ஒப்பித்துவிடுவார், அந்த மனுஷன் வாயில் ரகசியம் அரை மணி நேரம் தங்காது, அவளும் உடனே ஐயோ வேண்டாம் அத்தே, எதுக்கு அலையறீங்க என்பாள், அந்த வேண்டாமை என்னால் தாங்க முடியாது, எட்டு மாதமாக அந்த வேண்டாமைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் பல் சரியாகிவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் அதென்ன அப்படி ஒரு சீஸ்? பாலில் எப்படி நூல் வரும்? தயிரில் நூல் விட்டால் கெட்டுப்போனது என்று கொட்டிவிடுவோம், அங்கே நூல் வந்தால்தான் நல்லதாம், கேட்டதிலிருந்து மண்டைக்குள் ஒரு எறும்பு விட்டமாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கிறது.

நூல் என்று சொல்லாமல் அவள் வேறு என்னவாவது சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டேன், அதுதான் உண்மை. இருபத்திரண்டு வருஷமாக நூல்தான் எனக்குச் சோறு போடுகிறது, பின்னல் நூலை உருண்டையாகச் சுற்றுகிற மில்லில் நான் செக்கர், கடைசி மேஜை என்னுடையது, முப்பது பெண்கள் சுற்றி அனுப்புகிற உருண்டைகள் தட்டுத் தட்டாக என் முன்னால் வரும், சுற்று தளர்ந்திருக்கிறதா, பிசிறு இருக்கிறதா, நடுவில் முடிச்சு ஒளிந்திருக்கிறதா, கடைசி நுனியை ஒழுங்காக உள்ளே செருகியிருக்கிறார்களா, எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்து, சரியாக இருந்தால் மேல் உருண்டையில் ஒரு நீலநூல் கட்டுவேன், இல்லையென்றால் சிவப்பு, நீலம் இருந்தால்தான் பெட்டிக்குள் போகும். தட்டில் டோக்கன் இல்லாவிட்டாலும் எந்த உருண்டை யார் கை என்று சொல்லிவிடுவேன், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள் சுற்றினால் கல் மாதிரி இருக்கும், கல்யாணம் நிச்சயமானவள் சுற்றினால் தொளதொளவென்று இருக்கும், பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது, பையன் நல்ல மார்க் வாங்கினால் அவன் பள்ளிக்கூடப் பையில் நீலநூல், வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் வாளிப் பிடியில் நீலநூல், மருமகள் வந்த முதல் வாரம் என் புடவையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு மாட்டினாள், ஹேங்கரில் ஒன்று கட்டிவிட்டேன், இது என்ன என்று அவள் விழிக்க, பையன் சிரித்துக்கொண்டே விளக்க, அவள் அதை அவிழ்த்துத் தன் போன் சார்ஜர் வயரில் சுற்றி வைத்துக்கொண்டாள். இன்னும் இருக்கிறது, நேற்றுகூடப் பார்த்தேன்.

பையன் கம்பெனி வேலையாக இரண்டு வருஷம் அங்கே போனான், போன இடத்தில் அவளைப் பார்த்தான், பிடித்தது, கல்யாணம் பண்ணிக்கொண்டு கூட்டி வந்தான், நான் அழுது ஆர்ப்பாட்டமெல்லாம் பண்ணவில்லை, அவள் வருவதற்கு முன்பே போனில் நம் பேச்சைக் கற்றுக்கொண்டு, முதல் நாளே வாசலில் நின்று, உள்ள வரலாமா அத்தே என்று கேட்டாள், அதற்கு மேல் என்ன ஆர்ப்பாட்டம் பண்ணுவது? நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, என் பின்னல் கூடையிலிருந்து ஒரு வெள்ளை நூலுருண்டையை எடுத்து என் முன்னால் உட்கார்ந்து, இப்படித்தான் அத்தே இருக்கும் எங்க ஊர் சீஸ், பேரு கெசீயோ, பெரிய நாடா மாதிரி இழுத்து, இப்படிச் சுத்தி, உருண்டையா விப்பாங்க, வேணுங்கறப்ப பிரிச்சுப் பிரிச்சு எடுக்கணும், ரொட்டிக்குள்ள வெச்சு மடிச்சு சூடு பண்ணா அப்படியே உருகிடும் என்று பிரித்துக் காட்டினாள், காட்டிவிட்டுத் திரும்பச் சுற்றினாள், அப்போதுதான் கவனித்தேன், இடது கைக்காரி. சுற்று வலமிருந்து இடமாகப் போனது, நுனியை நாங்கள் செருகுவதுபோல உள்ளே புதைக்காமல், இரண்டு சுற்றுக்கு அடியில் விட்டு, மடக்கி, வெளியே ஒரு சின்னக் காது நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி விட்டாள். இது ரிஜெக்ட்டு, காது தொங்குது பாரு என்றேன் சிரித்துக்கொண்டு. அவளும் சிரித்தாள், எங்கம்மா அப்படித்தான் சுத்துவாங்க, சந்தையில அந்தக் காதைப் பாத்துத்தான் இது எங்கம்மா உருண்டைன்னு எடுப்பாங்க என்றாள். அவள் அம்மா சீஸ் விற்கிறவள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அன்றைக்கு நாங்கள் இருவரும் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

அப்படி இருந்ததை நான்தானே கெடுத்தேன், வேறு யார்? நாக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் செய்யறேன் அத்தே, நீங்க உக்காருங்க என்று சொல்லி அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள், அதற்கு முந்தைய இரண்டு நாளும் கடை கடையாக அலைந்திருக்கிறாள், அவள் ஊர் சீஸ் எங்கேயும் இல்லை, கடைசியில் பீட்சாவுக்குப் போடுகிற சீஸ் ஒரு கட்டி வாங்கி வந்து, ரொட்டிக்குள் வைத்து மடித்து, வாணலியில் வாட்டி, எல்லோருக்கும் தட்டில் வைத்துவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் சாப்பிட்டார், அவர் எதைப் போட்டாலும் சாப்பிடுவார். பையன் ஓகோ என்றான். வாசனைக்கு எட்டிப்பார்த்த மாடிவீட்டு அக்கா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் அவள் பக்கம் குனிந்து, பென்சில் அழிக்கிற ரப்பர் மாதிரி இருக்கு, இதுக்கா ரெண்டு நாளா ஊரைச் சுத்தினா என்றேன், மெதுவாகத்தான் சொன்னேன், மெதுவாகச் சொன்னால் காது கேட்காதா என்ன, அதுவும் நம் பேச்சைப் பேசப் பேசக் கற்றுக்கொண்டவளுக்கு. மாடிவீட்டு அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். மருமகள் தட்டுகளை எடுத்தாள். வாணலியைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, பரணில் ஏற்றி வைத்தாள், அவள் ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த கனமான வாணலி அது. எட்டு மாதம் ஆகிறது, இறங்கவே இல்லை. காய் நறுக்குவாள், நான் சொன்னதைத் தாளிப்பாள், பாத்திரம் தேய்ப்பாள், சிரிப்பாள்கூட, ஆனால் அவள் சாப்பாடு ஒன்றையும் செய்வதில்லை, உங்க ஊரு சாப்பாடு ஏதாவது பண்ணேன் என்று நானே ரெண்டு மூணு தடவை வாயைப் பிடுங்கிப் பார்த்தேன், வேண்டாம் அத்தே, அந்த சீஸ் இல்லாம நல்லா வராது. அவ்வளவுதான். கோபமாகச் சொன்னால்கூடப் பதிலுக்கு ஏதாவது பேசலாம்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை பையன் டீயைக் குடித்துக்கொண்டே, ஆபீஸ் பக்கத்துல ஒரு வீடு பார்த்திருக்கோம்மா, ரெண்டு ரூம், இன்னும் முடிவு பண்ணலை, வர்ற ஞாயித்துக்கிழமை சொல்றோம் என்றதும் நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஆபீஸ் பக்கம் என்பதெல்லாம் ஒரு காரணமா? அவன் ஆபீஸ் இத்தனை நாளும் அங்கேதானே இருந்தது? அவளைப் பார்த்தேன், அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள், முதுகில் என்ன எழுதியிருக்கும், படிக்கவா முடியும். போகட்டும், சின்னஞ்சிறுசுகள், தனியாக இருக்க ஆசைப்பட்டால் போகட்டும், அதை நான் தடுக்கமாட்டேன், ஆனால் அந்த ரப்பரால் போகிறாள் என்றால்? அது எனக்குத் தெரிந்தாகவேண்டும், அதற்கு முன்னால் அந்த வாணலி பரணிலிருந்து ஒரு தடவையாவது இறங்கவேண்டும். திங்கட்கிழமையே தேட ஆரம்பித்துவிட்டேன், பெரிய கடையில் மிளகாய்ப் படம் போட்ட ஒரு பாக்கெட், மெக்சிகன் கலவை என்று கொட்டை எழுத்தில், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் துருவல், உருக்கினால் எண்ணெய் தனியாக வந்து நின்றது, இன்னொன்று வெள்ளையாக இருந்தது, இழுத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது, மூன்றாவது உருகவே மாட்டேன் என்று அடம் பிடித்தது, மருமகள் இல்லாத நேரமாகப் பார்த்து அடுப்பில் வைத்து, முள்கரண்டியால் தூக்கி, மில்லில் நூலின் பலம் பார்க்கிற மாதிரி ஸ்கேல் வைத்து எத்தனை அங்குலம் நீளுகிறது என்று அளந்து பார்த்தேன், ஒன்றரை அங்குலத்தைத் தாண்டவில்லை, தோற்ற மூன்றையும் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். அப்புறம்தான் மில் கேன்டீன் மாஸ்டரிடம் கேட்டேன், அந்த ஆள் முன்னால் பெரிய ஓட்டலில் இருந்தவர், அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, மார்க்கெட்டுக்குப் பின்னால சந்துல ஸ்வெட்டர்காரர் கடைன்னு கேளுங்க, ஓட்டலுக்கெல்லாம் அவர்தான் போடறார், அவர்கிட்ட இல்லேன்னா இந்த ஊர்லயே இல்லைன்னு அர்த்தம் என்றார்.

சந்து குறுகலாக இருந்தது, கோஸ் இலை மிதிபட்டு வழுக்கியது, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன், பல் டாக்டர் எந்த ஊரில் இப்படிச் சந்துக்குள் உட்கார்ந்திருப்பார், யாராவது தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன சொல்லுவது... கடை பெரிதில்லை, முன்னால் ஒரு மேஜை, பின்னால் ஒரு கனத்த கதவு, அதைத் திறந்தால் புகை மாதிரிக் குளிர் வருகிறது, வெளியே கொளுத்துகிற வெயிலில் ஒரு மனிதர் கழுத்து வரைக்கும் ஸ்வெட்டர் போட்டு, காதை மூடிக் குல்லா வைத்து உட்கார்ந்திருந்தார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். என்னம்மா வேணும்? சீஸ், உருண்டையா இருக்குமாம், நூல் மாதிரி வருமாம், மெக்சிகோ சீஸ், பேரு கெசீயோ என்று நான் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, இல்லை என்ற பதிலுக்குத் தயாராக நின்றேன், அவர் சாதாரணமாக, இருக்கும்மா, நாலு ஓட்டல்காரங்க எடுத்துட்டாங்க, ஒண்ணு ரெண்டுதான் மிச்சம், செவ்வாயும் வெள்ளியும்தான் வரும், நேத்து சாயங்காலம் வந்தது என்று எழுந்து உள்ளே போனார். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வரவில்லை. விமானத்துல வருதா என்று கதவைப் பார்த்துக் கேட்டேன். விமானமா, பைபாஸ் பக்கம் பால் பண்ணை இருக்குல்ல, அங்க ஒரு ஷெட்டுல செய்யறாங்க என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இந்த ஊரிலேயேவா? இந்த ஊர் பாலிலேயேவா? அப்போது அவளுக்கு ஏன் தெரியவில்லை, பாவம், அன்றைக்கு இரண்டு நாள் அலைந்தாளே, இந்தச் சந்துக் கடையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லையே என்று அவளுக்காக நான் வருத்தப்பட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் ஒரு உருண்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து எண்ணெய்த்தாளைப் பிரித்தார். வெள்ளை, கொஞ்சம் பாலேடு நிறம், ஈரமாக, இரண்டு கையில் அடங்குகிற அளவு. சும்மா சொல்லக்கூடாது, அழகான சுற்று, இறுக்கமும் இல்லை தளர்வும் இல்லை, என் கை தானாகப் போய் அதை எடுத்துத் திருப்பியது, இருபத்திரண்டு வருஷப் பழக்கம், முதலில் சுற்று எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்பேன், வலமிருந்து இடம், ஓ, இடது கைக்காரி என்று நினைத்தேன், வெறுமனே நினைத்தேன், அப்புறம் நுனி எங்கே என்று தேடினேன். இரண்டு சுற்றுக்கு அடியில் போய், மடங்கி, வெளியே ஒரு சின்னக் காது. நான் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்வெட்டர்காரர் என்னவோ பேசிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. செவ்வாய், வெள்ளி... செவ்வாயும் வெள்ளியும் அவளுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ், மத்தியானம் போனால் சாயங்காலம்தான் வருவாள், வந்ததும் பையைக்கூட வைக்காமல் நேராகக் குழாயடிக்குப் போவாள், சில நாள் அவள் விரல்நுனி எல்லாம் சிவந்து கிடக்கும், பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டி எலுமிச்சை சோப்பு வாங்கி வைத்தேன், பெரிய அக்கறைக்காரி! எந்தக் கம்ப்யூட்டரைத் தட்டினால் விரல் வெந்து சிவக்கும்? உருண்டையில் மயிரிழை பிசிறு இருந்தால் கண்டுபிடிக்கிறவள், எட்டு மாதம் ஒரே வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் விரலைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இந்த நூல் எப்படி வருது என்று கேட்டேன், வேறு எதையாவது கேட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது, பாலைப் புளிக்க வெச்சு, கட்டியானதும் கொதிக்கிற தண்ணியில போட்டு கையால பிசையணும்மா, பிசைஞ்சு பிசைஞ்சு இழுத்தா ரிப்பன் மாதிரி நீளமா வரும், உடனே பச்சைத் தண்ணி, உப்பு, அப்புறம் சுத்தணும், நான் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்தேன், ஐயோ அப்பா, கொப்புளமே வந்துடுச்சு, அந்தப் பொண்ணு அசால்ட்டா பண்ணும். எந்தப் பொண்ணு? மெக்சிகோக்காரப் பொண்ணும்மா, ஆனா நம்மளவிட நல்லாப் பேசும், ஷெட்டுல ஒரே பாட்டும் கூத்துமா இருக்கும், பால்காரனுங்களே கும்பலா நின்னு வேடிக்கை பார்ப்பானுங்க. பாட்டா? அவள் பாடுவாளா? ஒரு வருஷத்தில் ஒரு வரி நான் கேட்டதில்லை. ஆனா ஒரு கிறுக்கு அதுக்கு, என்று அவர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு சிரித்தார், ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குன்னு ஒரு உருண்டையைத் தனியா எடுத்து வைக்கும், போறப்ப கொஞ்சம் பிச்சு வாயில போட்டுப் பார்க்கும், முகத்தைச் சுளிக்கும், இல்லைண்ணே, இன்னும் ரப்பர் போகலைன்னு சொல்லிட்டு இங்கயே வெச்சுட்டுப் போயிடும், எட்டு மாசமா இதே கதை, எனக்கு என்னவோ ரப்பரும் தெரியலை ஒண்ணும் தெரியலை, வீட்டுல பெரிய செக்கர் ஒருத்தர் இருக்காங்களாம், அவங்ககிட்ட பாஸாகணுமாம். இதோ, நீங்க கையில வெச்சிருக்கீங்களே, இதுகூட நேத்து அது வெச்சுட்டுப் போனதுதான்.

எனக்கு என்ன முகம் வந்தது என்று தெரியாது, நல்லவேளை அவர் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். ருசி பாருங்க, பிடிச்சா எடுங்க என்று உருண்டையின் காதோரம் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார், வாங்கினேன், மேஜை மேல் டீ சுட வைக்கிற சின்ன அடுப்பு இருந்தது, அதில் ஒரு தட்டை வைத்து அந்தத் துண்டையே வாங்கி உருக்கிக் காட்டினார், முள்கரண்டியால் தூக்கினார், ஒரு அங்குலம், மூன்று அங்குலம், ஒரு முழம், அறுபடாமல் மேலே மேலே போனது, அவர் கை உயரம் போதாமல் எழுந்து நின்றார், நான் வாயைத் திறந்துகொண்டு அதையே பார்த்தேன், பாலில் நூல், உண்மையாகவே நூல், ஒரு பிசிறு இல்லை. வாயில் போட்டேன். லேசான புளிப்பு, உப்பு, கடைசியில் பாலின் இனிப்பு, ரப்பராவது மண்ணாங்கட்டியாவது. கண்ணில் நீர் முட்டியது, சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். ஏன்டி இதில் என்ன குறை கண்டாய், எனக்குப் பயந்தா, என் மேல் கோபமா, இல்லை நான் சொன்ன ஒரு வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஏறிக் காட்டவேண்டும் என்ற வைராக்கியமா? வாங்கிக்கொண்டு போகலாம் என்று பையைத் திறந்தேன், அப்போது கையில் தட்டுப்பட்டது நீலநூல், பையின் அடியில் எப்போதும் ஒரு கண்டு கிடக்கும். யோசிக்கவே இல்லை. ஒரு சாண் அறுத்து, அந்த உருண்டையைச் சுற்றி, காதுக்குக் கீழே, மில்லில் கட்டுகிற அதே முடிச்சைப் போட்டேன். இது இங்கயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு வந்ததும் காட்டுங்க என்றேன். ஸ்வெட்டர்காரர் என்னைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், நீங்க... என்று இழுத்தார், நான் காசை வைத்துவிட்டுச் சந்துக்குள் வேகவேகமாக நடந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பக்கத்து சீட்டு அம்மா என்னைப் பார்த்து ஒரு மாதிரி நகர்ந்து உட்கார்ந்தாள், தனக்குத்தானே சிரிக்கிறவளிடம் யார் ஒட்டி உட்காருவார்கள்? வெள்ளிக்கிழமை அவள் எண்ணெய்த்தாளைப் பிரிப்பாள், நீலத்தைப் பார்ப்பாள், துள்ளிக் குதிப்பாள், ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து வாணலி இறங்கும், வீடு மாற்றுகிற பேச்சு அப்படியே அமுங்கிப்போகும், நான் மாடிவீட்டு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தின்னக் கொடுப்பேன்... இப்படி நாலு ஸ்டாப் போனது. ஐந்தாவது ஸ்டாப்பில் பஸ் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சலோடு பாடிக்கொண்டு ஏறினார்கள், அந்தப் பாட்டுச் சத்தத்தில் எனக்கு என்னவோ சுருக்கென்றது. ஷெட்டில் அவள் பாடுவாளாம். வீட்டில் பாடுவதில்லை. ஏன்? ஷெட்டில் என்ன இருக்கிறது, கொதிக்கிற தண்ணீர், பால் நாற்றம், ஈரத் தரை, இவையா பாட வைக்கும்? ஷெட்டில் என்ன இல்லை என்று பார்த்தால்... நான் இல்லை. கடைசி மேஜை இல்லை, சிவப்பும் நீலமும் இல்லை, அவள் பிசைவதை விரலால் தடவிப் பார்க்க ஆள் இல்லை. இந்த ஊரில் நான் இல்லாத ஒரே இடத்தைத் தேடிப்பிடித்து, எட்டு மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள், நான் அங்கேயும் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பாஸ் என்று நினைத்துத்தான் கட்டினேன். அவள் அதைப் பாஸ் என்று படிப்பாளா, இங்கேயும் வந்துவிட்டாளே இந்தச் செக்கர் என்று படிப்பாளா? இறங்கித் திரும்பிப் போய் அவிழ்த்துவிடலாமா? அவிழ்த்தாலும் ஸ்வெட்டர்காரர் வாயை எதை வைத்துக் கட்டுவது? எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், பக்கத்து அம்மா, எறங்கணுமா என்றாள், தெரியலைங்க என்றேன், அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

கதவைத் திறந்தது அவள்தான், நெற்றியில் ஒட்டிய முடியை மணிக்கட்டால் ஒதுக்கிக்கொண்டு, பல்லு வலி போச்சா அத்தே என்றாள். உள்ளேயிருந்து வீட்டுக்காரர், பிடுங்கிட்டாரா என்று கத்தினார். இல்ல, மருந்து வெச்சார் என்று சொல்லும்போதே என் விரலிலிருந்து ஒரு வாசனை எழுந்து வந்தது, பாலும் உப்பும், லேசான புளிப்பும், உருண்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த கை, துண்டை வாங்கித் தின்ற கை, கைக்குட்டையில் துடைத்தும் போகாமல் அப்படியே இருந்தது, நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, பையைக்கூட வைக்காமல் நேராகக் குழாயடிக்குப் போனேன். குழாயைத் திறந்து கையை நீட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது, இதே இடத்தில், இதே மாதிரி, பையைத் தோளில் மாட்டியபடி அவள் குனிந்து நிற்பாள், வாரத்துக்கு இரண்டு நாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. என் தோளுக்குப் பக்கமாக ஒரு கை நீண்டது, உள்ளங்கையில் எலுமிச்சை சோப்பு, விரல்நுனிகள் நேற்றின் சிவப்பு முழுசாக ஆறாமல் இருந்தன. இதைப் போட்டு ரெண்டு தடவ கழுவுங்க அத்தே, ஒரு தடவையில போகாது என்றாள், சாதாரணமாகத்தான் சொன்னாள், கோபமா சிரிப்பா என்று குரலை வைத்து ஒன்றும் சொல்லமுடியவில்லை. எது போகாது என்று நான் கேட்கவில்லை. அவளும் நகரவில்லை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் ஒரு தடவை கழுவிவிட்டு, இரண்டாவது தடவை சோப்பைப் போட்டேன்.